மதுரையை விட்டுக் கொடுத்தவ

தங்கச்சி, அந்தப் பலகையில தோஹா விமானம் என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுதியளா? மலையாளம் வருது, இந்தி வருது, இங்கிலீஷ் வாறதுக்குள்ள நான் கண்ணை வேற பக்கம் திருப்பிருதேன். என்னது, லேட்டா? ஒன்னேகால் மணி நேரமா? சரி. நல்லதுதான். எனக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கு.

நீங்க யாருக்காக நிக்கிய? தம்பியா? ஷார்ஜாவா? இருங்க, இப்பிடி உக்காருங்க. என் பையைத் தள்ளி வைக்கேன். உள்ள ஃப்ளாஸ்க் இருக்கு, சாயக்கூடாது. பால்தான்.

நான் பாளையங்கோட்டை. பேரு ஞானதீபம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தாறு வருஷம் ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. யாரைக் கூப்பிட வந்தியன்னு கேக்குதிய. கூப்பிட வரல. கேக்க வந்திருக்கேன். என் மருமக வாறா. அவகிட்ட ஒரே ஒரு கேள்வி. மதுரையை ஏன் விட்டுக் கொடுத்தன்னு கேக்கணும். பதிலைச் சொன்னாள்னா நான் பாட்டுக்கு வண்டியில ஏறிப் போயிட்டே இருப்பேன்.

நிஜ மதுரை இல்ல தங்கச்சி. கம்ப்யூட்டர் விளையாட்டு. சிரிங்க, பரவால்ல. எங்க சபைப் பாஸ்டரும் சிரிச்சாரு.

லாங் ரெய்ன்னு பேரு. ரெய்ன்னா மழை இல்ல, ஆட்சி. நானும் முதல்ல மழைன்னுதான் நினைச்சேன். ராஜாக்கமாரு காலத்து விளையாட்டு. நாடு பிடிக்கணும், வரி போடணும், குளம் வெட்டணும், படை அனுப்பணும். என் பையன் ஜெபின் காலேஜ் படிக்கையில அதுல ரெண்டாவது பாகத்தை ஒரு சிடியில கொண்டாந்தான். லீவு முடிஞ்சு அவன் ஹாஸ்டலுக்குப் போனான், சிடி வீட்டுல கிடந்தது. ஒருநாள் சும்மா போட்டுப் பாத்தேன். இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப அஞ்சாவது பாகம் ஓடுது. ஒன்னு விடாம ஆடியிருக்கேன்.

இணையத்துல எங்களுக்குன்னு ஒரு குழு இருக்கு. உலகம் பூரா ஆளு. நான் தீபம்61. எல்லாரும் என்னை ப்ரோம்பாங்க. நான் திருத்தல. என்னத்துக்கு?

அவன் தோஹாவுக்கு வேலைக்குப் போனப்போ ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆட்டம் ஆரம்பிச்சோம். எனக்குக் கொற்கை, அவனுக்கு மதுரை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து நான் என் பங்குக்கு ஆடி அனுப்புவேன். அவன் அங்கன ஆடி அனுப்புவான். பன்னிரண்டு வருஷம், தங்கச்சி. ஒரே ஆட்டம். எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது. வெளியாள் எவன் வந்தாலும் ரெண்டு பேரும் சேந்து அடிப்போம். இடையில எங்க வீட்டுல அவிய, ஜெபின் அப்பா, தவறிப் போனாவ. அடக்கம் முடிஞ்ச மறு ஞாயிறும் ஆடினோம். அவன் ஒன்னும் எழுதல, என் எல்லைக்கு ரெண்டாயிரம் குதிரையைக் காவலுக்கு அனுப்பி வச்சிருந்தான். எனக்கு அது போதும்.

இருங்க, போன் அடிக்கு. ...அவன்தான். அடிக்கட்டும்.

இந்த எக்ஸ்பான்ஷனாலதான் எல்லாம் வந்துச்சு. எக்ஸ்பான்ஷன்னா, இருக்கிற விளையாட்டு மேல இன்னொரு மாடி கட்டுத மாதிரி. புது நாடு, புது படை, புது விதி. முந்தியெல்லாம் கம்பெனிக்காரன் ஒழுங்காத்தான் கட்டினான். மூணாவது பாகத்துக்கு ஒன்னு விட்டான் பாருங்க, பருவக்காத்துன்னு, கப்பல் எந்த மாசம் போகணும் எந்த மாசம் நிக்கணும்னு அப்பிடி ஒரு கணக்கு! அதுக்கப்புறம் வந்தது எல்லாம் பூச்சு வேலை. வாளுக்கு ஒரு கலர், யானைக்கு ஒரு நெத்திப்பட்டம். இந்த வருஷம் விட்டானே, அதுக்குப் பேரு கிரேட் ஹார்வெஸ்ட். அறுவடைன்னு பேரு, நெல்லுக் கணக்கே கிடையாது! நெல்லு தானா வரும்னுட்டான். இந்த விளையாட்டுல உயிரே நெல்லுதான் தங்கச்சி. படை நடக்கணும்னா பத்து நாளைக்கு நெல்லு முன்ன போகணும். அதை எடுத்துட்டா யாரு வேணா யாரு மேலயும் விழலாம். மாடி கட்ட வந்தவன் கீழ்வீட்டு அடுப்பங்கரையை இடிச்சுட்டுப் போனா ஒத்துக்குவியளா?

கம்பெனிக்கு நாலு பக்கம் எழுதினேன். "உங்கள் ஆர்வம் எங்களுக்கு ஊக்கம்"னு ஒரு வரி பதில் வந்துது. குழுவுல போட்டுக் கிழிச்சேன். அறுநூத்துச் சொச்சம் பேரு சரியாச் சொன்ன ப்ரோன்னாங்க. வாங்காதீங்கடேன்னு எல்லாருக்கும் சொன்னேன். நானும் வாங்கல. ரெண்டு மாசம். அப்புறம் என்ன பண்ணினான்னா, பழைய ஆட்டத்தைச் சேந்து ஆடுத வசதியையே நிறுத்தப் போறேன்னுட்டான். ஒன்னு புதுசுக்கு மாறு, இல்ல ஆட்டத்தை மூடு. பன்னிரண்டு வருஷ ஆட்டத்தை மூடச் சொல்லுதான்! மாறினேன். வேற வழி?

மாறினா, ஆடுத ஒவ்வொரு ஆளும் சொந்தப் பேரும் போன் நம்பரும் குடுக்கணுமாம். போனுக்கு ஆறு இலக்கம் வருமாம், அதைப் போட்டாத்தான் உள்ள விடுவானாம். நான் போட்டேன். மறு ஞாயிறு திறந்து பாக்கேன், மதுரைக்கு மேல ஜெபின் பேரு இல்ல. ஷெர்லின்னு போட்டிருக்கு.

ஷெர்லின்தான் மருமக. மார்த்தாண்டத்துப் பிள்ளை. கல்யாணமாகி எட்டு வருஷம். நான் சும்மா சொல்லல, அவ மேல எனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது. பேசினா ரெண்டு வார்த்தை. சரி அத்தை, ஆமா அத்தை. அவ்வளவுதான். விளையாட்டு பத்தி அவளுக்கு என்ன தெரியும்னுதான் நினைச்சேன். இதுக்கெல்லாம் முந்தி போன்ல ஒருநாள் சொன்னேன்: "ஏட்டி, உன் புருஷன் எப்பிடி நெல்லு சேத்து வைக்கான் பாத்தியா? சின்ன வயசுல படையை அனுப்பிட்டு நெல்லை மறந்துருவான். பிள்ளை பிறந்ததும் பொறுப்பு வந்துட்டு. நீயும் பக்கத்துல இருந்து பாத்துப் படி." அவ சரி அத்தைன்னா.

உண்மையிலேயே நாலு வருஷமா அவன் ஆட்டம் அப்பிடி மாறியிருந்துது. முன்னால அவசரக்காரன். இப்ப ஒரு வயலைக்கூட வீணா விடல. கல்யாண வீட்டுக்குப் போனா, சபைக்குப் போனா, நான் சொல்லாத ஆளு கிடையாது. என் பையன் தேறிட்டான், என் பையன் தேறிட்டான்.

அந்தப் பேரைப் பாத்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டு. புருஷன் ஆசையா ஆடிட்டிருந்த ராஜ்யம். அம்மாவும் பிள்ளையும் இருந்த இடம். அதுல வந்து உக்காந்துட்டாளே! போன் போட்டுக் கேட்டிருக்கலாம்தான். கேட்டா நான் இறங்கிப் போன மாதிரி ஆயிரும். கேக்கல. படையைத் திரட்டினேன். முப்பத்திரெண்டாயிரம் பேரு. பன்னிரண்டு வருஷத்துல முதல் தடவையா மதுரை மேல போர் அறிவிச்சேன்.

அவ ஒன்னும் கேக்கல. ஏன் அத்தைன்னு ஒரு வார்த்தை இல்ல. அது இன்னும் எரிச்சல்.

இப்ப ஞாயிறுக்கு ஞாயிறு இல்ல, தினமும் ஆட்டம். காலையில காப்பி போடுததுக்கு முன்ன கம்ப்யூட்டரைப் போடுதேன். பத்தொம்பது நாளு. சாத்தூரைப் பிடிச்சேன், விருதுநகரைப் பிடிச்சேன். எதுத்து ஒரு ஆளு வரல. பயந்துட்டாள்னு நினைச்சேன். மதுரைக்கிட்ட போயிக் கூடாரம் அடிச்சதுக்கப்புறம்தான் பாக்கேன், என் படையில ஆளு குறையுது. சண்டையே நடக்கல, தினம் ஆயிரம் ரெண்டாயிரம்னு குறையுது.

என்ன பண்ணியிருக்கா தெரியுமா? புது விதியில நெல்லு தானா வரும், சரி. ஆனா எதிரி நாட்டுக்குள்ள போயிட்டா எதிரி வயல்ல இருந்துதான் வரும். அதை எவனும் கண்டுபிடிக்கல. எங்க குழுவுல இருபது வருஷக்காரன் எல்லாம் கண்டுபிடிக்கல. இவ கண்டுபிடிச்சு, வைகைக்கு இந்தப் பக்கம் தன் வயலைப் பூரா தானே கொளுத்திட்டு, இருந்த நெல்லை அழகர்மலைக்கு ஏத்திட்டா. என் படை பட்டினியில நிக்குது.

நான் நாற்காலியில அப்பிடியே உக்காந்திருந்தேன் தங்கச்சி. ஏன்னா அந்த வேலை எனக்குத் தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னால வடக்க இருந்து ஒரு பெரும்படை வந்து, கொண்டாந்த நெல்லு தீந்தப்போ மதுரை அதையேதான் செஞ்சுது. அன்னைக்கு நான் ஜெபினுக்கு எழுதினேன், உங்க அப்பா இருந்திருந்தா உன்னைத் தூக்கி வச்சு ஆடியிருப்பாருன்னு.

போன் ஆபரேட்டர் நான். ஒரு அலோவை வச்சு ஆளு யாரு, சாப்பிட்டாரா சாப்பிடலையான்னு சொல்லுவேன். நாலு வருஷமா யாரு கூட ஆடுதோம்னு எனக்குத் தெரியல.

இன்னும் ஒரே முறை அவ ஆடினாப் போதும். பின்னால இருந்து அடைச்சாள்னா என் கொற்கையும் சேத்துப் போயிரும். நான் கதையை முடிச்சுக்கிட்டேன். மறுநாள் காலையில திறந்து பாக்கேன், மதுரைக் கோட்டைக் கதவு திறந்து கிடக்கு. காவல் இல்ல. சரணடைஞ்சாச்சுன்னு போட்டிருக்கு. கூட ஒரு ஓலை. அதுவும் இந்த எக்ஸ்பான்ஷன்ல வந்த வசதிதான், ராஜாவுக்கு ராஜா ஓலை அனுப்பலாம். தமிழ்ல எழுதியிருந்தா. "அத்தை, மதுரையை நீங்களே வச்சுக்கோங்க. பதிமூணாம் தேதிக்கு மேல இங்க நெட் இருக்காது. இத்தனை நாள் கூட ஆடினதுக்கு நன்றி."

அப்பத்தான் போன் போட்டேன்.

"எத்தனை நாளாட்டி?"ன்னு கேட்டேன்.

"ஜோவிதா பிறந்ததுல இருந்து அத்தை." ஜோவிதா என் பேத்தி, நாலு வயசு. "அவங்களுக்கு நேரம் இல்லன்னாங்க. அம்மா வருத்தப்படுவாங்க, நீ எதையாவது அமுக்கி அனுப்புன்னாங்க. பிள்ளைக்குப் பால் குடுக்கையில ஒரு கை சும்மாத்தானே இருக்கும். முதல்ல எதையோதான் அமுக்கினேன். அப்புறம் பிடிச்சுப் போச்சு."

"சரி. அவன் பேருலயே ஆடியிருக்கலாம்லா? இப்ப மட்டும் ஏன் உன் பேரு?"

"அந்த ஆறு இலக்கம் அவங்க போனுக்குல்லா அத்தை வரும்."

"வந்தா வாங்கிப் போடுததுக்கு என்ன?"

லைன்ல ஒரு கதவு சாத்துத சத்தம் கேக்கு.

"அவங்க இங்க இல்ல அத்தை. போன கிறிஸ்மஸுக்கு முந்தியே தனியா வீடு எடுத்துப் போயிட்டாங்க."

"ஆபீஸ் பக்கத்துலயா?"ன்னு கேட்டேன். பாருங்க என் புத்தியை.

"இல்ல அத்தை"ன்னா.

நான் போனை வச்சுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவனுக்குப் போட்டேன். அவன் சொல்லுதான், "அம்மா, நானே சொல்லணும்னு இருந்தேன்." பத்து மாசமா இருந்திருக்கான். ஒத்து வரலையாம். வேற ஒன்னும் கேக்காதீங்கன்னான். நான் கேக்கல. "ஏலே, உன் மதுரையை அவ ஆடிட்டிருந்தாளே, உனக்குத் தெரியுமா"ன்னு மட்டும் கேட்டேன். "எந்த மதுரை?"ன்னான். அப்புறம், "ஓ, அந்த கேமா? அதை இன்னுமா ஆடுதிய?"

இன்னுமா ஆடுதிய.

அவன் மேல தப்பு சொல்ல முடியாது தங்கச்சி. வேலை அப்பிடி. ஆம்பிளைப் பிள்ளைக்கு ஆயிரம் சோலி. இந்தக் கம்பெனிக்காரன் போன் நம்பரைக் கேக்காம இருந்திருந்தா யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வந்துட்டிருக்கும். நான் பாட்டுக்கு என் பையன் தேறிட்டான்னு சொல்லிட்டிருப்பேன். அதையும் எழுதிக் குழுவுல போடலாம்னு பாத்தேன். எழுத வரல.

ஜெபின் இன்னொன்னும் சொன்னான். அவளுக்கு அங்க இருக்க விசா இவன் பேருலதான். அதை ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்துட்டானாம். "பதினாலாம் தேதி திருவனந்தபுரம் வந்து இறங்குதா. நம்ம வீட்டுப் பக்கம் வந்தா உள்ள விடாதீங்க. வக்கீல் அப்பிடித்தான் சொல்லியிருக்காரு. அவ உள்ள வந்து உக்காந்துட்டா விவாகரத்துக் கேஸு நிக்காது. நீங்க அவளைச் சேத்தா, அப்புறம் என்னை எதிர்பாக்காதீங்க"ன்னான். நான் ம்னேன். ம்னா சரின்னு அர்த்தம் இல்ல, கேட்டுதுன்னு அர்த்தம். எக்ஸ்சேஞ்சுல அப்பிடித்தான்.

அவ அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. அண்ணன் ஒருத்தன். அவன் பொண்டாட்டி சேக்க மாட்டா, அது ஊருக்கே தெரியும். நாகர்கோவில்ல ஒரு ஹாஸ்டல்ல இடம் சொல்லி வச்சிருக்காள்னு கேள்வி. பிள்ளையோட சேப்பாங்களான்னு எனக்குத் தெரியல. எனக்கென்ன?

போன் மறுபடியும் அடிக்கு. வீட்டு போனுக்கு அடிச்சிருப்பான், எடுக்கலைன்னதும் சந்தேகம் வந்திருக்கும். இதைக் கவுத்து வைக்கேன். எடுத்தா எங்க இருக்கியம்மாம்பான். எனக்குப் பொய் வராது.

நான் அவளைச் சேக்க வரல, பாத்துக்கிடுங்க. என்னோட கேள்வி வேற. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அது. ஒரே ஒரு முறை. என்னை மண்ணைக் கவ்வ வச்சிருக்கலாம். நாலு வருஷம் நான் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னது கிடையாது, அவ ஆட்டத்தையே அவளுக்குக் காட்டி, பாத்துப் படின்னு சொன்னவ நான். முப்பத்திரெண்டாயிரம் பேரைக் கூட்டிட்டுப் போயி அவ வாசல்ல நின்னவ நான். அப்பிடிப்பட்டவளுக்குக் கதவைத் திறந்து விடுதது என்ன மரியாதை? எனக்கு என்ன பிச்சையா? நான் தோத்தா தோத்துட்டுப் போறேன். இருபத்திரெண்டு வருஷம் ஆடினவ, தோக்கத் தெரியாதா எனக்கு? அதைத்தான் கேக்கணும்.

ஆமா, பைக்குள்ள கவுன் ரெண்டு இருக்கு. கடையில துணி பாக்கப் போனேன், நல்லா இருந்துது, எடுத்தேன். பின் ரூம்ல கிடந்த பழைய சாமானையும் போன வாரம் ஒழிச்சுப் போட்டேன். அது ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்த வேலை. வெள்ளை அடிக்க ஆளு இப்பத்தான் கிடைச்சான். வண்டிக்காரன்கிட்ட ஏறுதது ஒரு ஆளா மூணு ஆளான்னு நான் ஒன்னும் சொல்லல. பெரிய வண்டியாக் கொண்டாந்திருக்கான். அது அவன் இஷ்டம்.

அவளுக்கு நான் வாறது தெரியாது. சொல்லல. சொன்னா வேண்டாம் அத்தைம்பா.

என்ன சொல்லுதாவ மைக்குல? இறங்கிட்டா? தோஹாவா, சரியாக் கேட்டியளா? இன்னும் பெட்டி எடுக்கணும், அதுக்கு ஒரு அரை மணி ஆகும். இந்த ஃப்ளாஸ்க் மூடி இறுக்கமா இருக்கா, தொட்டுப் பாருங்க.

முதல்ல சாப்பிட்டாளான்னு கேட்டுட்டு அப்புறம் மதுரையைக் கேக்கவா? இல்ல, முதல்ல கேள்வி. அப்புறம் மத்தது. சாப்பாட்டைக் கேட்டுட்டா அப்புறம் கேள்வி கேக்க முடியாது. என்ன சொல்லுதிய?

பிள்ளையை நான் நேர்ல பாத்ததே இல்ல தங்கச்சி. போன்ல பாத்ததுதான். வாங்க வாங்கன்னு நாலு வருஷமா அவனைக் கூப்பிட்டேன்.

அந்தா கதவு திறக்கு. அது இல்ல. அதுவும் இல்ல, யாரோ குடும்பம். உங்க தம்பி எப்பிடி இருப்பாரு, தாடியா? வந்தா சொல்லுதேன்.

அந்தா. மஞ்சச் சட்டை போட்ட பிள்ளை, வண்டி மேல உக்காந்து வருதே. அதேதான். அவதான். ஒத்தப் பெட்டிதான் வச்சிருக்கா. எட்டு வருஷக் குடித்தனத்துக்கு ஒத்தப் பெட்டி.

பாத்தியளா தங்கச்சி? இந்தக் கதவுல இருந்து வெளிய வாறவங்க எல்லாரும் கூட்டத்தைப் பாப்பாங்க. யாராவது வந்திருக்காங்களான்னு ஒரு பார்வை. இவ பாக்கல. தலையைக் குனிஞ்சிட்டே போறா. டாக்ஸி பக்கம் திரும்பிட்டாளே. இந்தப் பையைப் பிடிங்க, இல்ல நானே எடுத்துக்கிடுதேன். வழி விடுங்கய்யா, வழி விடுங்க.

ஷெர்லின்! ஏட்டி ஷெர்லின்! இங்கன பாரு, இந்தப் பக்கம்! அத்தை வந்திருக்கேன்!